புதுப்பிப்பு: பயண சைக்கிளுக்கு ஃபிரேம் கிடைத்துவிட்டது

சுமை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போக, கைக்கு அடங்கும் விலையில் எந்த ஃபிரேம் வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சர்லி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஃபிரேமைச் சொன்னீர்கள். நல்ல ஃபிரேம்தான், ஆனால் அந்த விலைக்கு என்னால் முழு சைக்கிளையே உருவாக்கிவிட முடியும்.

வாங்கியது, 1990களின் தொடக்கத்தில் வந்த மலை சைக்கிள் ஒன்றின் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த உறுதியான எஃகு) ஃபிரேம், சஸ்பென்ஷன் இல்லாத முன் ஃபோர்க்குடன். கேரியர் மாட்டத் திருகு துளைகள் இருக்கின்றன, அகலமான டயர் நுழைகிறது, பின் அச்சின் இடைவெளி பரவலான அளவான 135 மி.மீ. என்பதால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) தேடி அலைய வேண்டாம். குரோமோலிதானா என்று காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு: காந்தம் மட்டமான எஃகிலும்தான் ஒட்டும். குழாயில் குரோமோலியைக் குறிக்கும் 4130 என்ற ஸ்டிக்கர் இருந்தது, தூக்கினால் கனமில்லை. அதைவிட, சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் கம்பி) அசைகிறதா என்று முதலில் பார்த்தேன். அலுமினிய போஸ்ட் எஃகுக் குழாய்க்குள் அரித்து இறுகிவிட்டால், இலவசமாகக் கிடைத்த ஃபிரேமும் தலைவலிதான்.

குறை ஒன்று உண்டு. சர்லியின் பயண சைக்கிளான லாங் ஹால் டிரக்கரில் செயின்ஸ்டே (பெடல் அச்சுப் பகுதியிலிருந்து பின் சக்கர அச்சு வரை போகும் குழாய்) 460 மி.மீ.; இதில் 430ஐ ஒட்டித்தான். அதனால் மிதிக்கும்போது குதிகால் கேரியரில் தொங்கும் பையில் இடிக்கிறது. பையைப் பின்னே தள்ளி மாட்டும் நீளமான கேரியர், 26 அங்குலச் சக்கரத்துக்குப் பொருந்துவதாக, எவரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.