திரள் தாக்கமா, துண்டாடல் தாக்கமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் தமிழ்க் கழக மாணவர்களுக்கான காட்டுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: ஆங்கிலத்தில் cumulative impact என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? சின்னச் சின்னச் செயல்கள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும் தாக்கம் அது.

ஒருவர் 300 ஹெக்டேர் காட்டை வெட்டுகிறார், பக்கத்து நிலக்காரர் 400 என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் 1987இல் வந்த ஆணை, 500 ஹெக்டேரும் அதற்கு மேலும் வெட்டினால்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கேட்டது. ஆக, இருவருமே தப்பிவிடுவார்கள். ஆனால் மழைக்குப் பின் கலங்கி வரும் ஆறு, யார் நிலத்து மண் என்று பிரித்தா வைத்திருக்கிறது? அமெரிக்காவில் 1978இல் எழுதிய விதி முன்பு நடந்தது, இப்போது நடப்பது, இனி நடக்கக்கூடியது மூன்றையும் யார் செய்தாலும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. இதற்கு 'ஒட்டுமொத்தத் தாக்கம்' போதாது. சிறிது சிறிதாக ஏறுவது அதில் இல்லை.

– சுங்கை சிப்புட்

டீச்சர், 'திரள் தாக்கம்' என்றே போடுங்கள். இலங்கைக் கணிதப் பாடநூலில் cumulative frequency என்பதற்குத் திரள் மீடிறன் என்றே இருக்கிறது. வெண்ணெய் ஒரே கடைசலில் வருவதில்லை, கடையக் கடையத் திரள்கிறது. 'குவிவு' கண்ணாடி வில்லைக்குப் (குவிவு வில்லை) போய்விட்டது, அது வேண்டாம். அப்புறம், கையேட்டில் பழமையான காட்டை 'முதுகாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். புறநானூறு 356இல் கள்ளியும் கூகையும் ஈம விளக்கும் உள்ள இடம்தான் முதுகாடு, சுடுகாடு! மெராந்தி மரங்கள் ஓங்கி நிற்கும் காட்டுக்கு அந்தப் பெயர் ஆகாது. தொல்காடு என்று மாற்றுங்கள்.

– ஈப்போ

'திரண்டாள்' என்றால் என் அம்மாவுக்குப் பெண் பெரியவளானதுதான். தோட்டத்து மக்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: துண்டாடல். 1950களில் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். ஒவ்வொரு விற்பனையும் தனியாகப் பார்த்தால் சின்னது. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியானபோதுதான் மொத்தமும் தெரிந்தது. அதைத் தடுக்கத்தானே உங்கள் ஊர்க்காரர், ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன், தோட்டங்களை வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்? 'துண்டாடல் தாக்கம்' என்று எழுதுங்கள், பாட்டிக்கும் புரியும்.

– கிள்ளான், பழைய தோட்டக் கிராணி (எழுத்தர்)

ஐயா, படித்ததும் நெஞ்சு கனத்தது. ஆனால் துண்டாடல் காரணத்தைச் சொல்கிறது, விளைவு சேர்வதைச் சொல்லவில்லை. ஒரே முதலாளி ஆண்டுதோறும் கொஞ்சம் வெட்டினாலும் இதே தாக்கம்தான். குழுவில் நான்கு பேர் திரள் பக்கம், அதனால் 'திரள் தாக்கம்' அச்சுக்குப் போகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகத் துண்டாடல் கதை அடுத்த பத்தியிலேயே வரும். தொல்காட்டையும் எடுத்துக்கொண்டேன்.

– சுங்கை சிப்புட்

சரி டீச்சர். நான் இன்னும் ஏற்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் அந்தச் சொல்லைப் படித்துக் காட்டும்போது அம்மாக்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

– கிள்ளான்