பி.எல்.டி.சி ஃபேன் போர்டு சரிபண்றவங்க சேலத்துல யாராவது இருக்காங்களா?

அஸ்தம்பட்டில இருக்கோம். ஹால்ல போட்ட பி.எல்.டி.சி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கற புது மாதிரி ஃபேன்) வாரண்டி முடிஞ்ச கையோட நின்னுருச்சுங்க. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, அதை ஓட்டற எலக்ட்ரானிக் போர்டுதான் போச்சு. சர்வீஸ்ல கேட்டா, "அந்த மாடல் போர்டு வர்றதில்ல, புதுசு வாங்கிக்கங்க"ங்கறாங்க. சாதா ஃபேன் 75 வாட் இழுக்கற இடத்துல இதுக்கு 30 வாட் போதும்னு வாங்குனது. மிச்சமான கரண்ட் காசு புது ஃபேனுக்கே போயிரும் போல!

அப்பா வாங்குன பழைய சாதா ஃபேன் பக்கத்து ரூம்ல இன்னும் ஓடுது. கெப்பாசிட்டர் மாத்துனா ஆச்சு, காயில் கருகுனாலும் செம்புக்கம்பி சுத்திக்கலாம். இதுல போர்டு மேலயே பிசின் ஊத்தி மூடிட்டாங்க (ஈரம் படாம இருக்கவாம்).

செவ்வாப்பேட்டை, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டுல பார்ட்ஸ் மாத்தித் தர்ற மெக்கானிக் கடை தெரிஞ்சா சொல்லுங்க. வேற கம்பெனி போர்டு மாட்டிப் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? ரிமோட் வேலை செய்யலேன்னாலும் பரவால்ல, சுத்துனா போதும்.