கல்லூரி நூலகத்தில் ஸ்கேன் சேவை: எந்த ஸ்கேனர், எத்தனை பக்கம், எப்படி அனுப்புவது?

அலமாரி7

வணக்கம். எங்களுடையது அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. சுமார் 60,000 புத்தகங்கள். பைண்டு போட்ட பழைய ஜர்னல் வால்யூம்கள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. அதில் பாதி தமிழ் இதழ்கள், 1940களில் வந்தவையும் உண்டு. பகுதி நேர ஆய்வாளர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். பத்துப் பக்கக் கட்டுரைக்காக பஸ் ஏறி வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இனி கேட்கிற கட்டுரையை அல்லது அத்தியாயத்தை நாங்களே ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பலாம் என்று முதல்வர் ஒப்புக்கொண்டுவிட்டார். நூலக மென்பொருளாக கோஹா ஓடுகிறது. ஆள் மூன்று பேர்தான்.

மேலிருந்து படம் பிடிக்கும் 16 மெகாபிக்சல் ஸ்கேனரே போதும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. போதுமா? ஒரு புத்தகத்தில் 10 சதவீதம் வரை கொடுக்கலாம் என்கிறார்களே, சரியா? விண்ணப்பம் வாங்குவது முதல் அனுப்புவது வரை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பிட்மேப்

16 மெகாபிக்சல் என்றால் நீளவாக்கில் 4608 புள்ளிகள். அந்த வகை ஸ்கேனரின் கண் ஏ3 பரப்பைப் பார்க்கும்படி உயரத்தில் நிலையாக இருக்கும். ஏ3இன் நீளம் 16.5 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 279 புள்ளி, அதாவது 279 டிபிஐ, அதுவும் ஃபோகஸ் கச்சிதமாக இருந்தால். புத்தகம் சின்னதாக இருந்தாலும் இது அதிகரிக்காது, ஏனென்றால் கேமரா கீழே இறங்கி வருவதில்லை. சாதாரண அச்சுக்கு இது போதும். அடிக்குறிப்பு எழுத்துக்குப் போதாது. தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'க்' என்பது 'க' ஆகிவிடும், படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே மேலிருந்து எடுப்பது ஒன்று, கண்ணாடி மேல் கவிழ்த்து எடுக்கும், விளிம்பு வரை கண்ணாடி உள்ள ஃபிளாட்பெட் ஒன்று, இரண்டும் வேண்டும். அடிக்குறிப்பு, அட்டவணை, நுண்ணெழுத்து என்றால் ஃபிளாட்பெட்டில் 400 டிபிஐ. தாள் உள்ளிழுக்கும் ஆபீஸ் ஸ்கேனர் இந்த வேலைக்கு ஆகாது. பைண்டிங்கைப் பிரிக்காமல் அதில் எதையும் விட முடியாது.

அடுத்து, உங்கள் பைண்டர் ஜர்னல்களை எப்படித் தைத்திருக்கிறார் என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இதழ்களை அடுக்கி, முதுகோரம் துளை போட்டுப் பக்கவாட்டில் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் போட்டுவிடுவார்கள். அப்படித் தைத்தது தட்டையாகத் திறக்காது. ஃபிளாட்பெட்டில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளக்கும், அப்படியும் உள்விளிம்பு வரிகள் கருநிழலில்தான் விழும். இவற்றை மேலிருந்து எடுப்பதே நல்லது. புத்தகத்தை 90 முதல் 110 டிகிரிக்குள் திறந்து, எடுக்கும் பக்கம் மட்டும் கேமராவுக்கு நேராக இருக்கும்படி மறுபக்கத்துக்கு ஆப்புக்கட்டை கொடுங்கள். முதலில் வலப்பக்கங்கள் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது அதிலேயே போய்விடும்.

வளைவை நேராக்கும் மென்பொருள் வசதி வெறும் பத்திக்கு நன்றாக வேலை செய்யும். வரைபடம், நிலப்படம், கட்டம் போட்ட அட்டவணை வரும் பக்கங்களில் அதை அணைத்துவிடுங்கள், கோடுகளைக் கோணலாக்கும்.

அறையில் கவனிக்க வேண்டியது ஃபேன். சீலிங் ஃபேன் ஓடினால் பக்கம் துடிக்கும், நாலு பக்கத்துக்கு ஒன்று மங்கலாக வரும். பழைய டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் விழும், ஜன்னலோரம் வைத்தால் மேகம் போகப் போக நிறம் மாறும். ஆர்ட் பேப்பரில் ஸ்கேனரின் மேல்விளக்கு வெள்ளைத் திட்டாகப் பிரதிபலிக்கும். மேல்விளக்கை அணைத்துவிட்டு இருபக்கமும் சாய்வாக விளக்கு வையுங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்பு அட்டையைச் செருகினால் போதும்.

எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையாக எடுக்காதீர்கள். எழுத்துக்கு கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்கள்), படமோ கறையோ இருந்தால் வண்ணம், ஃபிளாட்பெட்டில் சாதாரண அச்சுக்கு 300 டிபிஐ. ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளி. சுருக்காமல் வைத்தால் வண்ணத்தில் சுமார் 26 எம்பி, கிரேஸ்கேலில் சுமார் 8.7 எம்பி. ஜேபெக்காகச் சுருக்கினால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும், அதனால் 20 பக்கக் கட்டுரை மெயிலின் 25 எம்பி வரம்பைத் தாண்டாது.

ஜெராக்ஸ் மெஷினிலேயே ஸ்கேன் செய்யும் யோசனை இருந்தால் 'அதிகச் சுருக்கம்' என்ற தேர்வைத் தொடவே வேண்டாம். 2013இல் ஜெராக்ஸ் கம்பெனியின் சில வொர்க்சென்டர் மாடல்கள் ஸ்கேனில் 6ஐ 8ஆக மாற்றிய விஷயம் வெளிவந்தது. ஒரே மாதிரி இருக்கும் எழுத்துத் துண்டுகளை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக ஒட்டும் சுருக்கமுறைதான் காரணம். புள்ளியியல் அட்டவணையில் இது நடந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கூறு52

10 சதவீதம் இந்தியச் சட்டத்தில் இல்லை. வெளிநாட்டு நூலகப் படிவங்களைப் பார்த்து எழுதும்போது ஒட்டிக்கொண்டு வருவது அது. அங்கே நாட்டுச் சட்டமோ, பதிப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் சங்கங்களோடு போட்ட ஒப்பந்தமோ அந்த அளவைச் சொல்கிறது, இங்கே 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுப்பது 52(1)(a), பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது 52(1)(i). டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொன்னது இந்த இரண்டாவதை வைத்துத்தான், அதிலும் பக்கக் கணக்கு எதுவும் வரையறுக்கவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி வெளியூர் ஆய்வாளருக்கு முழுப் புத்தகம் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பாடத்திட்டத் தொகுப்பு பற்றியது.

எனவே வரம்பை நீங்கள்தான் வைக்க வேண்டும். ஒரு இதழில் ஒரு கட்டுரை, ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம். கடையில் கிடைக்கும் பாடநூலுக்கு இந்தச் சேவை கிடையாது. இதை நூலகக் குழுவில் தீர்மானமாக்கி கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். ஒரு அத்தியாயத்தை இந்த வாரம், அடுத்ததை அடுத்த வாரம் என்று கேட்டு முழுப் புத்தகத்தையும் திரட்டுவது தவறாமல் நடக்கும். அதனால் படிவத்தில் "இதே நூலின் வேறு பகுதியை முன்பு பெறவில்லை, என் ஆய்வுக்கு மட்டுமே, பிறருக்குப் பகிரமாட்டேன்" என்ற உறுதிமொழி அவசியம்.

இந்தியாவில் விற்பனைக்கு இல்லாத புத்தகத்தை நூலகப் பயனுக்கு மூன்று படிவரை எடுக்கலாம் என்பது 52(1)(o). கையில் இருப்பதைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்வது 52(1)(n), 2012 திருத்தத்தில் வந்தது. இரண்டுமே 'வணிக நோக்கற்ற பொது நூலகம்' என்கின்றன. உங்கள் கல்லூரி அதற்குள் வருமா என்பதை நிர்வாகத்தின் வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்த நூல்களுக்கும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கும் இந்த வரம்பு தேவையில்லை. ஆனால் புதுப் பதிப்பில் இருக்கும் பதிப்பாசிரியர் முன்னுரையும் குறிப்புகளும் நாட்டுடைமையில் வராது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு 52(1)(zb)யின்படி முழுப் புத்தகத்தையே கணினி வாசிக்கும் வடிவில் தரலாம். இதைத் தனி வரியாகவே அறிவிப்பில் போடுங்கள், பல நூலகங்களில் போடுவதே இல்லை.

மூன்றாம்_அடுக்கு

கோஹாவில் இதற்கென்றே கட்டுரைக் கோரிக்கை வசதி இருக்கிறது, தனியாக கூகுள் ஃபார்ம் வேண்டாம். சிஸ்டம் பிரிஃபரன்ஸில் 'ஆர்ட்டிகிள் ரெக்வெஸ்ட்ஸ்' என்று தேடி இயக்குங்கள். பிறகு சர்க்குலேஷன் விதிகளில் எந்த வகை உறுப்பினருக்கு, எந்த வகை நூலுக்கு என்று திறந்துவிட வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு "பட்டனே வரவில்லை" என்று தேடுபவர்கள் ஏராளம். பைண்டு வால்யூம்களுக்கு 'ஐட்டம் ஒன்லி' (குறிப்பிட்ட வால்யூமைத் தேர்ந்தெடுத்தே கேட்க முடியும்) என்று வையுங்கள், இல்லாவிட்டால் எந்த வால்யூம் என்று தெரியாமல் ரேக் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். வால்யூம், இதழ் எண், பக்க எண் மூன்றையும் கட்டாயப் புலமாக்குங்கள். கோரிக்கைச் சீட்டை அச்சிட்டு அடுக்குக்கு எடுத்துப் போகலாம். முடிந்ததாகக் குறித்தால் மெயில் போகும், ஆனால் ஃபைலை அது இணைக்காது, தனியே அனுப்ப வேண்டும்.

மூன்று பேரில் ஒருவருக்குக் காலை இரண்டு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். 20 பக்கக் கட்டுரைக்கு ஸ்கேன் நேரம் ஐந்து நிமிடம்தான். நூலைத் தேடி எடுப்பது, வெட்டித் திருத்துவது, பக்கம் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்து அரை மணி ஆகிவிடும். இரண்டு வேலை நாள் என்று அறிவியுங்கள். உடனே கிடைக்கும் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒருவருக்கு வாரம் மூன்று கோரிக்கை.

அடுக்குக்குப் போகும் முன், அந்தக் கட்டுரை ஏற்கெனவே கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் தொகுப்பான என்-லிஸ்டில் இருக்கிறதா, தமிழ் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இருக்கிறதா, ஈழத்து இதழ் என்றால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லிங்க் அனுப்பினால் முடிந்தது.

அனுப்பிய ஃபைலை 30 நாளில் அழித்துவிடுங்கள், பதிவேட்டில் விவரம் மட்டும் இருக்கட்டும். "அடுத்தவர் கேட்டால் உதவுமே" என்று சேர்த்து வைக்க ஆரம்பித்தால் அது வேறு சேவை, கூறு52 சொன்ன வக்கீல் கடிதம் அதற்குத்தான்.

நிழற்படி

மெயில் எதற்கு, வாட்ஸப்பில் அனுப்பினால் ஆயிற்றே? மாணவர்கள் மெயில் பார்ப்பதே இல்லை.

மூன்றாம்_அடுக்கு

படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும், பிட்மேப் சொன்ன புள்ளி அங்கேயே போயிற்று. டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது, ஆனால் அடுத்த நிமிடம் வகுப்பு குரூப்பில் போய் நிற்கும். தவிர அது நூலக ஊழியரின் சொந்த எண்ணிலிருந்து போகும். கல்லூரி மெயில் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

அலமாரி7

நன்றி. தமிழ் இதழ்களில் தேடக்கூடிய பிடிஎஃப் கேட்கிறார்கள். ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்குவது) போட்டே அனுப்பலாமா?

எழுத்தச்சு

போடலாம், ஆனால் படத்துக்கு அடியில் மறைந்த எழுத்தாக மட்டும். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், தமிழ் மட்டும் கொடுத்தால் ஆங்கில மேற்கோள்கள் குதறப்பட்டு வரும். ஓசிஆர் எழுத்தைத் தனியாக எடுத்து ஆய்வாளருக்குக் கொடுக்காதீர்கள், அப்படியே மேற்கோளாக ஆய்வேட்டில் ஏறிவிடும்.

எங்கே பிழைக்கும் என்றால், 'ர'வும் துணைக்காலும் அச்சில் ஒன்றுபோல் இருக்கும். 'கௌ' என்பது 'கெள' ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் இன்னும் மோசம். அப்போது ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளும் வேறு உருவில் இருந்தன. 'லை', 'னை' துதிக்கை வைத்து வரும், மென்பொருள் அதை வேறு எழுத்தாகவே படிக்கும். 'தலைவன்' என்று தேடினால் கிடைக்காது, 'வன்' என்று தேடினால் கிடைக்கலாம். அனுப்பும் மெயிலில் இதை ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஓசிஆருக்கு முன் ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் சாய்வைத் திருத்தி ஓரக் கறுப்பை வெட்டிவிட்டால் பிழை கணிசமாகக் குறையும்.

தமிழ் இதழ் ஸ்கேனில் இன்னொன்று. கட்டுரை 14ஆம் பக்கத்தில் நின்று, "47ஆம் பக்கம் பார்க்க" என்று இருக்கும். கோரிக்கையில் 10 முதல் 14 வரை என்றுதான் எழுதியிருப்பார்கள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை எப்போதும் படித்துப் பாருங்கள். எண் போடாத படத்தாள் நடுவே செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதழின் பெயரும் மலர், இதழ் எண்ணும் உள்ள முகப்புப் பக்கத்தை முதல் தாளாகச் சேர்த்துவிடுங்கள், பைண்டர் அட்டையைக் கிழித்திருந்தால் வால்யூம் முதுகில் உள்ளதைக் குறியுங்கள். பழைய இதழ்களில் 'பார்த்திப வருஷம் ஆவணி' என்று மட்டும் இருக்கும். பார்த்திப 1945-46ம் ஆகலாம், 1885-86ம் ஆகலாம். ஆங்கில ஆண்டை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: சேர்க்கை எண், ஆண்டு, மலர், இதழ், பக்கம் என்ற வரிசையில்.