ஒரே 48 வோல்ட் சுவிட்ச், பக்கத்து சேனலில் ரிப்பன் மைக்: ஆபத்தா?

கேள்வி:
என் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இரண்டு மைக் சேனல், ஆனால் ஃபேன்டம் பவருக்கு, அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட்டுக்கு, ஒரே சுவிட்ச்தான், அழுத்தினால் இரண்டுக்கும் சேர்ந்தே போகிறது. முதல் சேனலில் குரலுக்கு கன்டென்சர் மைக், அதற்கு 48 வோல்ட் கட்டாயம் வேண்டும். இரண்டாவதில் இதுவரை டைனமிக் மைக் இருந்தது, பிரச்சினையே இல்லை. இப்போது அங்கே பழைய பாஸிவ் ரிப்பன் மைக் (மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்து ஒலி பிடிக்கும், மின்சாரம் தேவையில்லாத வகை) ஒன்றைப் போட ஆசை. ஃபேன்டம் பட்டால் ரிப்பன் போய்விடும் என்று சிலர், ஒன்றும் ஆகாது என்று சிலர். எதை நம்புவது? அப்புறம், 48 வோல்ட் ஓடும்போதே கன்டென்சரைக் கழற்றினால் ஹெட்ஃபோனில் பெரிய 'டப்' வருகிறது. அதுவும் கெடுதலா?

பதில் 1:
இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் கனெக்டரில் மூன்று பின் உண்டு. 48 வோல்ட் ஆளுக்கொரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பின் 2, பின் 3 இரண்டுக்கும் ஒரே அளவில் போகிறது, திரும்பும் வழி பின் 1 (கிரவுண்ட்). இரண்டு பின்னிலும் ஒரே வோல்டேஜ் இருந்தால் நடுவில் உள்ள காயிலில் கரண்ட் ஓட வழியே இல்லை. உங்கள் டைனமிக் மைக் தப்பித்தது அதனால்தான். ரிப்பனுக்கும் இதே கணக்குதான், ஆனால் அந்தச் சமநிலை ஒரு நொடி கெட்டாலும் அடி வாங்குவது மெல்லிய அலுமினியத் தகடு. பின் 3 கிரவுண்டோடு ஷார்ட் ஆன கேபிள் என்றால் சுமார் 7 மில்லி ஆம்பியர் மைக்குக்குள் ரிப்பனோடு இணைந்த டிரான்ஸ்பார்மர் வழியாகப் பாயும், சுவிட்ச் போடும் கணத்தில் அந்தத் துடிப்பு ரிப்பனை இழுத்துவிடும். சில மிகப் பழைய மைக்குகளில் டிரான்ஸ்பார்மரின் நடு முனையே கிரவுண்டில் இருக்கும், அவற்றுக்கு நல்ல கேபிளும் காவல் இல்லை.

'டப்' பற்றி: அந்த அதிர்ச்சி ப்ரீஆம்புக்கும் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி) ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நல்லதல்ல. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுக்கக் குறைத்து, மானிட்டரை மியூட் செய்து, 48 வோல்ட்டை அணைத்து, அரை நிமிடமாவது விட்டு அப்புறம் கழற்றுங்கள். மாட்டும்போது மைக் முதலில், சுவிட்ச் அப்புறம், கெயின் கடைசி.

பதில் 2:
பேட்ச் பே (கேபிள்களை மாற்றி மாற்றி இணைக்கும் ஜாக் பலகை) வைத்திருந்தால் இதையும் கவனியுங்கள். போன் ஜாக் வகை பிளக் உள்ளே நுழையும்போது அதன் நுனி மற்ற தொடர்புகளை உரசிக்கொண்டுதான் போகும், ஃபேன்டம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த உரசலே ஷார்ட். மைக் லைன்களை பேட்ச் பேயில் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கீபோர்டு, மிக்ஸர் அவுட்புட்டை எக்ஸ்எல்ஆர் வழியாக இதே சேனலில் மாட்டும் பழக்கமும் வேண்டாம், 48 வோல்ட் பின்னோக்கிப் போய் அதன் அவுட்புட் சர்க்யூட்டைக் கெடுக்கலாம்.

கேட்டவர்:
நன்றி, இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது. பேட்ச் பே இல்லை. கேபிளை மல்டிமீட்டரில் சோதித்தேன், இரண்டு கேபிளில் ஒன்றில் பின் 1-க்கும் பின் 3-க்கும் இடையே பீப் அடிக்கிறது! மைக்கையும் அப்படியே சோதித்துவிடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம்! ஓம் அளக்கும்போது மீட்டரே ஒரு கரண்ட்டை அனுப்பும், ரிப்பனுக்கு அதுவே அதிகம். மைக் இணைக்காமல் கேபிளை மட்டும் சோதியுங்கள். பீப் அடித்த கேபிளின் இரண்டு முனையையும் திறந்து பாருங்கள், பேலன்ஸ்டு அல்லாத (சிக்னலுக்கு ஒரே கம்பியும் கிரவுண்டும் மட்டும் உள்ள) கருவிக்காக யாராவது வேண்டுமென்றே 1-ஐயும் 3-ஐயும் சேர்த்து சால்டர் செய்திருக்கலாம். பிரித்துச் சரிசெய்யும் வரை ஃபேன்டம் உள்ள எந்த சேனலிலும் அதை மாட்டாதீர்கள்.

இரண்டு மைக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதால் இன்லைன் பூஸ்டர் (மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டும் சிறு பெருக்கி) ஒன்று வாங்கிவிடுங்கள். அது ஃபேன்டத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு மைக் பக்கம் விடாது, ரிப்பனின் சன்னமான சிக்னலுக்குக் கூடுதல் கெயினும் தரும். ஆனால் 48 வோல்ட்டைக் கடத்திவிடும் மாடல்களும் உண்டு, மேனுவலில் அந்த வரியைத் தேடிப் பார்த்தபின் வாங்குங்கள்.