பிஸ்மத் ஃபெரைட் மெல்லிய படலத்தில் அறை வெப்பநிலைத் தயக்க வளையம்: படலத்தின் இயல்பா, வேறொன்றின் குறிகையா?

கேள்வி

துடிப்பு லேசர் படிவு முறையில், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் அடித்தளத்தின் மீது 100 நானோமீட்டர் தடிமனுள்ள பிஸ்மத் ஃபெரைட் படலத்தை வளர்த்துள்ளேன். அடித்தளத்தின் அளவு 5 × 5 × 0.5 மில்லிமீட்டர். மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானியில் 300 கெல்வினில் அளந்து, அடித்தளத்தின் டயா காந்தச் சாய்வை (புலத்துக்கு எதிராக நேர்கோடாக வரும் பின்னணியை) கழித்த பிறகு, தெவிட்டு நிலையுடன் கூடிய தெளிவான தயக்க வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கல் வெவ்வேறு பாதையில் செல்வதால் வரும் வளைவு) கிடைக்கிறது. தெவிட்டுக் காந்தமாக்கல் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 இ.எம்.யூ. (காந்தத் திருப்புத்திறனின் அலகு). எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் பிற கட்டம் (வேறு படிகச் சேர்மம்) எதுவும் தென்படவில்லை. இச்சேர்மம் பருநிலையில் எதிர்ஃபெரோ காந்தம் (அண்டைத் தற்சுழற்சிகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று நீக்குவது) என்பதை அறிவேன். அடித்தளம் தரும் திரிபினால் தற்சுழற்சிகளின் சைக்ளாய்டு அமைப்பு (அவற்றின் திசை இடத்துக்கு இடம் சிறிது சிறிதாகச் சுழன்றுசெல்லும் ஒழுங்கு) குலைந்து ஃபெரோ காந்தம் தோன்றியது என்று இதை விளக்கலாமா?

மறுமொழி 1

விளக்கத்தைத் தேடுமுன் அந்த எண்ணைச் சற்று எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. தங்கள் படலத்தின் கன அளவு 2.5 × 10⁻⁶ கன சென்டிமீட்டர். ஆகவே தாங்கள் உண்மையில் அளந்த காந்தத் திருப்புத்திறன் 50 மைக்ரோ இ.எம்.யூ. மட்டுமே. தூய இரும்பின் தெவிட்டுக் காந்தமாக்கல் கிராமுக்கு ஏறத்தாழ 218 இ.எம்.யூ. என்பதால், கால் மைக்ரோகிராமுக்கும் குறைவான இரும்புத் துகள் அடித்தளத்தின் விளிம்பில் எங்கேனும் ஒட்டியிருந்தாலே இதே குறிகை கிடைத்துவிடும். எஃகு இடுக்கியால் பிடித்த இடமும், சூடேற்றியில் ஒட்டுவதற்காகப் பின்புறம் பூசிய வெள்ளிப் பசையும் இவ்வகையில் பெயர்பெற்ற குற்றவாளிகள். படலம் படியாத வெற்று அடித்தளம் ஒன்றை அதே பசை, அதே வெப்பநிலை, அதே ஆக்சிஜன் அழுத்தம் ஆகியவற்றுக்கு உட்படுத்தி அளந்தீர்களா? புதிதாக உறையிலிருந்து எடுத்த அடித்தளத்தின் அளவீடு இதற்கு ஈடாகாது.

மறுமொழி 2

கேள்வியின் இயற்பியல் பகுதிக்கு வருகிறேன். பருநிலைப் பிஸ்மத் ஃபெரைட்டில் அண்டை இரும்பு அயனிகளின் தற்சுழற்சிகள் ஒன்றுக்கொன்று எதிராக அமைகின்றன. இந்த ஒழுங்கு ஏறத்தாழ 643 கெல்வின் வரை நிலைக்கிறது. அண்டைத் தற்சுழற்சிகளைச் சாய்க்க முற்படும் ட்சியாலோஷின்ஸ்கி–மோரியா இடைவினையால் அவை சற்றே சாய்ந்து ஒரு சிறு நிகரத் திருப்புத்திறனைத் தரக்கூடும் என்றாலும், ஏறத்தாழ 62 நானோமீட்டர் அலைநீளமுள்ள சைக்ளாய்டு அச்சிறு திருப்புத்திறனைச் சராசரியில் அழித்துவிடுகிறது. திரிபு போதிய அளவு வலுவாக இருந்தால் சைக்ளாய்டு குலையும் என்பது உண்மையே. ஆனால் குலைந்தபின் வெளிப்படுவது அந்தச் சாய்வின் வலுக்குறைந்த காந்தமே தவிர, முழு ஃபெரோ காந்தம் அன்று. கோட்பாட்டுக் கணக்கீடுகள் அதை இரும்பு அயனிக்கு 0.1 போர் மேக்னெட்டான் (அணு அளவிலான காந்தத் திருப்புத்திறனின் அலகு) அல்லது அதற்கும் குறைவு என்கின்றன. இச்சேர்மத்தில் அயனிக்கு ஒரு போர் மேக்னெட்டான் என்பது கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 இ.எம்.யூ.க்குச் சமம் என்பதால், தங்கள் மதிப்பு 0.13 ஆகிறது. அந்த வரம்பை அது கடந்து நிற்பதே என் ஐயத்துக்குக் காரணம்.

இத்துறையில் இது புதிய பிணக்கும் அன்று. 2003-இல் இப்படலங்களைப் புகழ்பெறச் செய்த ஆய்வுக் கட்டுரை 70 நானோமீட்டர் படலத்துக்குக் கன சென்டிமீட்டருக்கு 150 இ.எம்.யூ. அளவிலான காந்தமாக்கலை அறிவித்தது. 2005-இல் வேறொரு குழு, தாம் வளர்த்த, நன்கு ஆக்சிஜனேற்றம் பெற்ற படலங்களில் அதன் சிறு பங்குகூட இல்லை என்று மறுப்பு வெளியிட்டது. பெரிய மதிப்புகள் பலவற்றின் பின்னே வலுவான காந்தத்தன்மையுள்ள காமா இரும்பு ஆக்சைடு இருந்தது பின்னர் தெரியவந்தது.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. விளிம்பு விளைவில் தென்படாத அளவு காமா இரும்பு ஆக்சைடு இவ்வளவு பெரிய குறிகையைத் தர முடியுமா? மாசையும் இரண்டாம் கட்டத்தையும் எவ்வாறு பிரித்தறிவது?

மறுமொழி 3

தர முடியும். அந்த ஆக்சைடின் தெவிட்டுக் காந்தமாக்கல் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 400 இ.எம்.யூ.; எனவே படலத்தின் கன அளவில் 5 விழுக்காடு இருந்தால் தங்கள் 20 இ.எம்.யூ. கிடைத்துவிடும். அது சில நானோமீட்டர் அளவுள்ள திரள்களாகச் சிதறியிருந்தால், அதன் முகடுகள் அகன்று, வழக்கமான ஆய்வகக் கருவியில் பின்னணியோடு கலந்துவிடும். பிஸ்மத் எளிதில் ஆவியாகும் தனிமம் என்பதால்தான் பலர் அதை இலக்கு வில்லையில் (லேசர் தாக்கி ஆவியாக்கும் மூலப்பொருளில்) கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஆக்சிஜன் அழுத்தம் தாழ்ந்தால் இரும்பு ஆக்சைடும், மிகுந்தால் பிஸ்மத் ஆக்சைடும் பிரியும்.

பிரித்தறிய, ஒரே நிலைமைகளில் பல தடிமன்களில் படலங்களை வளர்த்து, கன அளவால் வகுக்காத மூலத் திருப்புத்திறனைத் தடிமனுக்கு எதிரே வரையுங்கள். தடிமனோடு மாறாதது பெரும்பாலும் மாசு. தடிமனுக்கு நேர்விகிதமாக வளர்வது படலத்தினுடையது, ஆனால் அதில் இரண்டாம் கட்டமும் அடங்கும் என்பதால் இச்சோதனை மட்டும் போதாது. இரும்பின் எல் விளிம்பில் (இரும்பு எக்ஸ் கதிரை வலுவாக உட்கவரும் ஆற்றலில்) எக்ஸ் கதிர் காந்த வட்ட இருநிறமை அளவீடு (வலம், இடமாக முனைவாக்கிய கதிர்கள் உட்கவரப்படுவதன் வேறுபாட்டை அளப்பது) செய்ய வாய்ப்புக் கிடைத்தால் அதையே நான் முதலில் நாடுவேன்: காமா இரும்பு ஆக்சைடில் நான்முகி, எண்முகி ஆகிய இருவகை இடங்களிலும் இரும்பு அயனிகள் எதிரெதிராக அமைந்திருப்பதால் அதன் நிறமாலை தனி வடிவம் கொண்டது; பிஸ்மத் ஃபெரைட்டிலோ எண்முகி இடங்கள் மட்டுமே உள்ளன. தாழ் வெப்பநிலை வளைவில் 120 கெல்வின் அருகே படி தென்பட்டால் மேக்னடைட் என்ற மற்றோர் இரும்பு ஆக்சைடை ஐயுறுங்கள். 50 கெல்வின் அருகே சிறு மேடு வந்தால், அது அளவீட்டு அறையில் உறைந்த ஆக்சிஜனாக இருக்கலாம்.

மறுமொழி 2 எழுதியவர்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தங்கள் நோக்கம் மின்புலத்தால் காந்தத்தைக் கட்டுப்படுத்துவது என்றால், படலம் தானே வலுவான காந்தமாக இருக்கத் தேவையில்லை. மேலே கோபால்ட்–இரும்பு அடுக்கைப் படியவைத்து, பரிமாற்றப் பிணைப்பின் (அடுக்குகள் தொடும் இடத்தில் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று பிணைப்பதன்) வழியே அதன் காந்தமாக்கலை அறை வெப்பநிலையில் மின்னழுத்தத்தால் திருப்ப முடியும் என்பது 2014-இல் காட்டப்பட்டுள்ளது. அதற்கும் இரண்டாம் கட்டமற்ற தூய படலமே வேண்டும். ஆகவே ஆக்சிஜன் அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, தெவிட்டுக் காந்தமாக்கல் எங்கே மிகக் குறைகிறது என்று பாருங்கள்.