நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள்

கவிதா: நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் சம்பந்தி வீட்டார் மாலை ரயில் வரை தஞ்சாவூரில்தான் இருப்பார்கள். பெரிய கோயிலை முன்பே பார்த்துவிட்டார்களாம். வேறு எங்கே அழைத்துச் செல்லலாம்?

பெரியப்பா: அரண்மனைக் கலைக்கூடம் இருக்கும்போது இந்தக் கேள்வியே எழக்கூடாது. நாயக்கர் கட்டத் தொடங்கி, மராட்டியர் 1855 வரை குடியிருந்து ஆண்ட மாளிகையில் 1951இல் தொடங்கப்பட்டது அது. திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனராகிய சிவனின் செப்புத் திருமேனி அங்கேதான் உள்ளது. இராசராசன் காலத்தில், 1011இல் எழுந்தருளுவித்தது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, கால் மாற்றி நிற்கிறார். அவர் சாய்ந்திருந்த எருது இப்போது இல்லை. ஆனாலும் அதன் மேல் ஊன்றியது போலவே கை அந்தரத்தில் நிற்கிறது. அம்மன் திருமேனி மறு ஆண்டு, 1012இல்தான் வந்தது என்பது கல்வெட்டுச் செய்தி.

சித்தி: அம்மனே ஓராண்டு தாமதமாக வந்திருக்கிறாள். முகூர்த்தம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனதற்கு இனி யாரும் வருந்த வேண்டாம்.

அத்தை: எருது போனபின் கை மட்டும் நிற்பதைப் பார்க்க நான் அங்கே போக வேண்டுமா, அண்ணா? அப்பாவின் நிலத்தைப் பிரித்த அன்று நானும் அப்படித்தான் நின்றேன்.

பெரியப்பா: அதைப் பேச இது இடமன்று.

செந்தில்: அரண்மனைக் கோபுரத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறதே, குழந்தைகளுக்குக் காட்டலாம்.

அத்தை: கோபுரப் படி என்னால் ஏற இயலாது. சம்பந்தி அம்மாவுக்கும் முழங்கால் வலி.

பெரியப்பா: படியே வேண்டாம். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி கைகூப்பி நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சிலையைப் பார்த்தாலே போதும். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் தன் ஆசிரியர், பாதிரியார் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் புடைப்புச் சிற்பமும் உண்டு; ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. கைகூப்பும் அரசரையும் கலங்கும் மாணவரையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

மாமா: வேனுக்கு யார் சொல்வது? வளைகாப்புக்கு நான் கொடுத்த வேன் வாடகையே இன்னும் திரும்பவில்லை.

சித்தி: கலைக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது கணக்கு எதற்கு?

கவிதா: சரி, கலைக்கூடம் என்று வைத்துக்கொள்கிறேன். நேரம் இருந்தால் தேவாலயம். வேனைப் பற்றி மாமாவிடம் தனியாகப் பேசுகிறேன்.

செந்தில்: சம்பந்தியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர்கள் பட்டுப்புடவை எடுக்கப் போவதாக என்னிடம் சொன்னார்கள்.