ஐந்து கியர் எஃப்ஜேஆரை விற்றுவிட்டு கொன்கோர்ஸ் 14க்கு மாறலாமா?

ஏழாலையான் (ஸ்காபரோ):
என்னிடம் இருப்பது 2009 யமஹா எஃப்ஜேஆர்1300. குறை சொல்ல ஒன்றும் இல்லை. போன ஞாயிறு மார்க்கம் நகரில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றபோது நம்மவர் ஒருவர் (இங்கேயும் எழுதுகிறவர்தான், பெயர் வேண்டாம்) வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐந்து கியர் வண்டியில் டூரிங் போவதும் ஒன்றுதான், பஸ்ஸில் போவதும் ஒன்றுதான்" என்றார். அன்று முழுக்க எரிச்சல். ஆனால் 2012 கவாசாகி கொன்கோர்ஸ் 14 ஒன்று விலைக்கு வந்திருப்பதும் உண்மை. பனி விழுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சுப்பீரியர் ஏரியைச் சுற்றி ஓடுகிறவன் நான், மனைவியும் பின்னால் இருப்பார். கியர் கதை தயவு செய்து வேண்டாம். பின் இருக்கை, பெட்டிகள், எஞ்சின் சூடு, பராமரிப்புச் செலவு, இவை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆறாம்கியர் (மார்க்கம்):
பெயர் வேண்டாம் என்றால் ஊர், கிழமை, கடை மூன்றையும் எழுதியிருக்கக் கூடாது. ஆம், சொன்னது நான்தான். இப்போதும் சொல்கிறேன். 401 நெடுஞ்சாலையில் ஏறி ஐந்தாவது போட்ட பிறகும் இடது கால் இன்னொரு கியரைத் தேடுகிறதே, அதை டூரிங் வண்டி என்று எந்த வாயால் சொல்வது? கொன்கோர்ஸில் ஆறாவது கியர் ஓவர்டிரைவ், வேகம் குறையாமல் எஞ்சின் சுற்றைக் குறைக்கிற கியர். 1352 சிசி எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். யமஹாவே 2016இல் எஃப்ஜேஆருக்கு ஆறாவது கியரைப் பூட்டினான். ஐந்து போதும் என்றால் ஏன் பூட்டினான்?

ஷாஃப்ட்மாமா (ஸ்காபரோ):
வந்துவிட்டார் கணக்கு வாத்தியார். தம்பி, கியரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடைசிக் கியரில் பின்சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, கேள்வி அவ்வளவுதான். 2016இல் ஆறு கியர் வந்தபோதும் கடைசிக் கியர் பழைய ஐந்தாவதைவிடக் கொஞ்சம்தான் நீளம். மிச்சமெல்லாம் நடுவில் நெருக்கி வைத்தது. ஹோண்டா கோல்ட்விங் 2001 முதல் 2017 வரை ஐந்து கியரோடுதான் அமெரிக்காவைக் குறுக்கே வெட்டியது. ஹோண்டாவின் எஸ்டி1300உம் ஐந்து கியர். அதுகள் எல்லாம் பஸ்ஸா?

ஏழாலையான், விற்காதே. உன்னிடம் இருப்பது 25 லிட்டர் தாங்கி, கொன்கோர்ஸில் 22. வாவா ஊர் தாண்டி மேலே போகும்போது அந்த மூன்று லிட்டர் பெற்றோலின் அருமை தெரியும். வால்வு இடைவெளி பார்ப்பது எஃப்ஜேஆருக்கு 42,000 கிலோமீட்டரில், கொன்கோர்ஸுக்கு 24,000இல். அந்தக் கூலியை ஆறாவது கியரா வந்து கட்டும்?

டோர்ட்முண்ட்காரன்:
இங்கே அதே வண்டியை 1400ஜிடிஆர் என்று விற்றார்கள், நான் ஓட்டுவது அதுதான். ஷாஃப்ட்மாமா அண்ணை, நீங்கள் ஒருதரம் ஏ31 நெடுஞ்சாலைக்கு வாருங்கள். வேக எல்லை இல்லாத நீட்டில் 180இல் பிடித்துக்கொண்டு போகும்போது ஆறாவது கியர் எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் எஞ்சினே கத்திச் சொல்லும்.

ஷாஃப்ட்மாமா:
ஏழாலையான் இருப்பது ஜெர்மனியிலா? ஒன்ராறியோவில் எல்லை 100, சில துண்டுகளில் 110. 150 தொட்டால் ஸ்டண்ட் டிரைவிங் என்ற குற்றம். 2021இல் வந்த சட்டப்படி அந்த இடத்திலேயே 14 நாளுக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போவான், லைசென்ஸ் 30 நாளுக்கு இல்லை. பிறகு அவன் யார்டுக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று ஆறாவது கியரை ரசிக்கலாம்.

ஆறாம்கியர்:
150 பற்றி யார் பேசினார்கள்? நான் பேசியது 110. காலையில் ஏறி மத்தியானம் சட்பரியில் இறங்கும்போது உள்ளங்கையில் இருக்கும் விறைப்பைப் பற்றி. சுற்று குறைந்தால் அதிர்வு குறையும், இது பத்தாம் வகுப்புப் பௌதிகம். அப்புறம் எண்களை மாமா தனக்கு வசதியாகத்தான் எடுப்பார். கொன்கோர்ஸ் 155 குதிரைசக்தி, எஃப்ஜேஆர் 143 சொச்சம். உச்ச முறுக்குவிசை கொன்கோர்ஸில் 6,200 சுற்றிலேயே வந்துவிடும், எஃப்ஜேஆரில் 7,000. இரண்டு பேரும் மூன்று பெட்டியும் ஏற்றினால் எது இழுக்கும்?

ஷாஃப்ட்மாமா:
நீ சட்பரிக்குப் போகிற வழியில் 7,000 சுற்றில் ஓட்டுகிறாயா? ஓட்டவில்லை என்றால் அந்த எண் எதற்கு? 3,000 சுற்றில் எது இழுக்கிறது என்று பார். எஃப்ஜேஆரில் கியர் மாற்றாமலே ஐந்தாவதில் முந்திப் போகலாம். ஓவர்டிரைவில் கிடக்கும் கொன்கோர்ஸ்காரன் முன்னால் லொறி வந்தால் ஐந்துக்கு இறக்க வேண்டும். அப்போ அந்த ஆறாவது யாருக்கு?

ஆறாம்கியர்:
பாருங்கள், "ஐந்துக்கு இறக்க வேண்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். இறக்க ஒன்று இருக்கிறது எங்களிடம். உங்களிடம் ஐந்தோடு சரி.

ஹாரோ_ஓட்டம் (லண்டன்):
மாமா எஸ்டி1300ஐ இழுத்ததால் ஒரு சொல். இங்கே போலீஸ் ஓட்டிய வண்டி அது. வேகத்தில் ஆட்டம் காண்கிறது என்று 2007இல் பல போலீஸ் படைகள் அதை ஒதுக்கி வைத்தன. உதாரணம் காட்ட வேறு வண்டி கிடைக்கவில்லையா?

ஷாஃப்ட்மாமா:
ஆட்டம் கண்டது ஐந்து கியரினாலா? இல்லைதானே? வேலை இல்லாவிட்டால் எல்லாம் எழுத வரும்.

ஹாரோ_ஓட்டம்:
வேலை இருக்கிறது. பதில் இல்லாதபோது ஆளைத் தாக்குவது உங்களுக்குப் பழக்கம், போன மாதம் டயர் பேச்சிலும் இதுதான் நடந்தது. சரி, நான் கேட்க வந்தது வேறு. ஒரே வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல்? கொன்கோர்ஸில் அது கடைசி வரை வரவே இல்லை. எஃப்ஜேஆரில் 2013இலேயே வந்துவிட்டது. நீண்ட தூரத்தில் கைக்கு ஓய்வு வேண்டும் என்றால் கியரைவிட அதுதான் முதலில்.

ஆறாம்கியர்:
ஏழாலையானிடம் இருப்பது 2009. அதில் ஏது க்ரூஸ்? இல்லாததோடு இல்லாததை ஒப்பிட்டால் மிஞ்சுவது ஆறாவது கியர்தான். நன்றி, ஹாரோ.

ஏழாலையான்:
அண்ணைமார், எஞ்சின் சூடு பற்றி ஒருவராவது சொல்ல முடியுமா? அந்தக் கவாசாகியில் கோடையில் கால் வேகும் என்று கேள்வி.

டோர்ட்முண்ட்காரன்:
முதல் வந்த 2008, 2009 வண்டிகளில் அந்த முறைப்பாடு நிறைய. 2010இல் பக்கப் பலகைகளை மாற்றிச் சூட்டுக்காற்றைக் காலுக்கு வெளியே தள்ளினார்கள். உயரமான கண்ணாடி, சூடாகும் கைப்பிடி, சில்லு வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், முன்பின் சேர்ந்து பிடிக்கும் பிரேக் எல்லாம் அதோடுதான் வந்தன. நீங்கள் பார்ப்பது 2012, அதனால் பரவாயில்லை. எடை மட்டும் யோசியுங்கள், 300 கிலோவைத் தாண்டும். நின்ற இடத்தில் தள்ளித் திருப்பும்போது எஃப்ஜேஆர் கொஞ்சம் இலகு. ஆனால் உருண்டுவிட்டால் எடை தெரியாது, ஆறாவதில் போகும்போது சுத்தமாகத் தெரியாது.

ஷாஃப்ட்மாமா:
நல்லாத்தான் எழுதிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் வாயைக் கட்ட முடியவில்லை.

அடையார்க்காற்று (சென்னை):
இரண்டு வண்டியையும் இங்கே ஷோரூமில் நான் கண்டதே இல்லை சார், ஆனாலும் படிக்க ஜாலியாக இருக்கிறது. என்னிடம் நிஞ்சா 1000எஸ்எக்ஸ். 1043 சிசி, 238 கிலோ. ஆறு கியரும் உண்டு, க்ரூஸும் உண்டு, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் குவிக்‌ஷிஃப்டரும் உண்டு. முந்நூறு கிலோ வண்டியை ஏன் கட்டி அழ வேண்டும்? ரெண்டையும் விட்டுவிட்டு இதற்கு மாறச் சொல்லுங்கள்.

ஷாஃப்ட்மாமா:
தம்பி, அது செயின் வண்டி. மழையில் ஓடிவிட்டு இரவு விடுதி வாசலில் குந்தியிருந்து செயினுக்கு எண்ணெய் அடிக்கிறவர்கள் ஷாஃப்ட் வண்டிக்காரர் பேச்சில் கலக்கக் கூடாது. எஃப்ஜேஆர் ஷாஃப்ட், செயினுக்குப் பதில் ஒரு தண்டுதான் பின்சில்லைச் சுற்றும். கொன்கோர்ஸும் ஷாஃப்ட், அதை நான் மறுக்கவில்லை, அந்த ஒன்றுக்காகத்தான் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடையார்க்காற்று:
எண்ணெய் அடிப்பது ஐந்து நிமிட வேலை சார். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து அறுபது கிலோ கூடச் சுமப்பீர்களா? தவிர, செயின் வண்டியில் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) இரண்டு பல் மாற்றினால் கடைசிக் கியரை வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவரலாம். ஷாஃப்டில் கம்பெனி கொடுத்ததுதான் கதி. ஐந்தா ஆறா என்று இத்தனை பேர் அடித்துக்கொள்வதே அதனால்தானே?

ஆறாம்கியர்:
சென்னைத் தம்பி ஒரே போடு. மாமா, பதில்?

ஷாஃப்ட்மாமா:
பதில் என்ன, ஸ்ப்ராக்கெட் மாற்றினால் எல்லாக் கியரும் சேர்ந்து நீளும். முதல் கியரில் மேடு ஏறும்போது கிளட்ச் கருகும். அது தெரியாமல் ஒரே போடாம். நான் எஃப்ஜேஆர் ஓட்டத் தொடங்கியபோது இங்கே பாதிப்பேருக்கு எம்2 மோட்டார்சைக்கிள் லைசென்ஸே இல்லை. அதில் ஒருவர்தான் இன்று ஆறாம்கியர் என்று பெயர் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறார். ஐந்து கியரில் சுப்பீரியரைச் சுற்ற முடியும். ஐந்து கியரில் ராக்கி மலைக்கும் போய்வர முடியும். நான் போய் வந்தவன். நாலாவது தடவையாகச் சொல்கிறேன், கேள்வி எண்ணிக்கை அல்ல, கடைசி விகிதம்.

ஆறாம்கியர்:
அந்தக் கடைசி விகிதத்தை நீட்டத்தான் ஆறாவது கியர் என்று நானும் முதலிலிருந்து சொல்கிறேன். பெயரைப் பற்றிப் பேச வேண்டாம் மாமா. பேசினால் போன வருடம் ஹாலிபர்ட்டன் ஓட்டத்தைப் பற்றி நானும் பேச வேண்டி வரும். 118 நெடுஞ்சாலையில் முன்னால் போய், "எனக்குத் தெரிந்த குறுக்குப் பாதை" என்று எல்லோரையும் கிரவலில் இறக்கியது யார்?

ஷாஃப்ட்மாமா:
அது கிரவல் பாதை இல்லை. தார்ப் பாதை, திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. அறிவிப்புப் பலகை வளைவுக்குப் பின்னால் இருந்தால் நான் என்ன செய்ய? எல்லோரும் ஒழுங்காக வந்தார்கள். ஒருவர் மட்டும் வண்டியைச் சரித்துவிட்டு என் மேல் பழி போட்டார். ஆறு கியர் இருந்தும் முதல் கியரில் மெதுவாக வரத் தெரியாதவர்.

ஆறாம்கியர்:
சரிந்தது நின்ற இடத்தில். காலுக்குக் கீழே கல் உருண்டது. தூக்கிவிட வந்த நாலு பேரில் நீங்கள் இல்லை, அப்போது படம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் படத்தைக் குழுவில் போட்டதும் நீங்கள்தான்.

ஹாரோ_ஓட்டம்:
அந்தப் படம் இங்கே லண்டன் வரை வந்தது.

ஏழாலையான்:
பின் இருக்கை பற்றி யாரும் சொல்லமாட்டீர்கள் போலிருக்கிறது. விற்கிறவர் சனிக்கிழமை பரி நகர்ப் பக்கம் வரச் சொல்கிறார். ஓட்டிப் பார்க்க விடுவாராம். மனைவியையும் கூட்டிப் போகிறேன்.

ஆறாம்கியர்:
நானும் வருகிறேன். ஆறாவதைப் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார், அதற்கு மேல் நான் வாய் திறக்கமாட்டேன்.

ஷாஃப்ட்மாமா:
இவர் வாய் திறக்கமாட்டாராம்! ஏழாலையான், நான் உன் எஃப்ஜேஆரிலேயே வருகிறேன், நீ காரில் வா. அந்த வண்டிக்கு வால்வு பார்த்த பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று முதலில் கேள். இல்லை என்று சொன்னால் ஒரு ஆயிரம் டொலராவது குறைக்கச் சொல். கியரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆறாம்கியர்:
மாமா முன்னால் வருவதாக இருந்தால் நான் 400 நெடுஞ்சாலையிலேயே வருகிறேன். குறுக்குப் பாதை எதுவும் வேண்டாம்.

ஷாஃப்ட்மாமா:
திருத்த வேலை என்று எழுதியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாதா?